ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமா? நாட்டையே எண்ணிப் பார்க்கும் ஓர் அலுவலகத்தின் கதை!

1947. நாடு விடுதலையான கையோடு டெல்லியில் கலவரம். உயிருக்குப் பயந்த சிறுபான்மை மக்கள் பெரும் எண்ணிக்கையில் செங்கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். இன்னும் கொஞ்சம் பேர் ஹுமாயூன் கல்லறை வளாகத்தில். இவர்களுக்குச் சாப்பாடு போடும் பொறுப்பு அரசாங்கத்துடையது. அரசாங்கம் அதை கான்ட்ராக்டர்களிடம் விட்டது.

கோட்டைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. கான்ட்ராக்டர்கள் 'இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு உப்பு' என்று பில் நீட்டினார்கள். அரசும் கொடுத்துக்கொண்டே இருந்தது. செலவு எகிறியதும் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே போய்த் தலையை எண்ணும் சூழ்நிலை அப்போது இல்லை. புள்ளியியல் நிபுணர்களைக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் கேட்டது கான்ட்ராக்டர்களின் பில்லை மட்டும்தான். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு அரிசி, பருப்பு, உப்பு சராசரியாக எவ்வளவு ஆகும் என்பது முந்தைய ஆய்வுகளிலிருந்து அவர்களுக்குத் தெரியும். பில்லில் இருந்த அளவை அந்தச் சராசரியால் வகுத்தார்கள். மூன்று பொருளுக்கும் ஒரே விடை வர வேண்டும் அல்லவா? வரவில்லை. அரிசிக் கணக்குப்படி ஆட்கள் மிக அதிகம். உப்புக் கணக்குப்படி மிகக் குறைவு.

நிபுணர்கள் உப்பை நம்பினார்கள். அரிசி விலை கூடிய பொருள். கூட்டி எழுதினால் லாபம். உப்பு அன்றைக்குக் கொள்ளை மலிவு. அதில் பொய் சொல்லி யாருக்கும் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. இதே முறையை, ஆட்கள் குறைவாக இருந்த ஹுமாயூன் கல்லறை முகாமிலும் போட்டுப் பார்த்தார்கள். உண்மையான எண்ணிக்கைக்கு நெருக்கமாக வந்தது.

இந்த யோசனையைச் சொன்னவர் ஜே.எம்.சென்குப்தா. இதைத் தன் புத்தகத்தில் பதிவு செய்தவர், உலகப் புகழ்பெற்ற இந்தியப் புள்ளியியல் மேதை சி.ஆர்.ராவ்.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பார்க்காமல் சொல்லப்படும் எண்ணைத்தான் நம்ப முடியும். அப்படிப்பட்ட எண்களை மாதாமாதம், வருடாவருடம் கொடுப்பதற்கென்றே ஒவ்வொரு நாடும் ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. அதுதான் தேசியப் புள்ளியியல் அலுவலகம்.

யார் இவர்கள்?

'விலைவாசி இவ்வளவு சதவிகிதம் உயர்ந்தது', 'வேலையில்லாதவர்கள் இத்தனை சதவிகிதம்', 'பொருளாதாரம் இவ்வளவு வளர்ந்தது' என்று மொபைலில் வந்து விழும் செய்திகளில் பெரும்பாலானவை பிறக்கும் இடம் இதுதான். மத்திய புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. சிலர் இதை மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு குழப்பிக்கொள்வார்கள். அது வேறு. தலையை எண்ணும் வேலை, உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள தலைமைப் பதிவாளர் அலுவலகத்துடையது.

இந்தியாவில் இந்த வேலைக்கு அடித்தளம் போட்டவர் பி.சி.மகலனோபிஸ். கொல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். இவர் பிறந்த நாளான ஜூன் 29-தான் 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினம். விடுதலை பெற்ற புதிதில், மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்ற அடிப்படைக் கேள்விகளுக்கே அரசிடம் சரியான பதில் இல்லை. அதற்காக 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. கிராமம் கிராமமாக ஆட்கள் கேள்வித்தாளோடு கிளம்பினார்கள். அடுத்த ஆண்டே, பல துறைகளின் கணக்குகளை ஒருங்கிணைக்க மத்தியப் புள்ளியியல் அமைப்பு வந்தது. 2019-ல் இரண்டும் இணைக்கப்பட்டு இன்றைய தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆனது.

உங்கள் இ.எம்.ஐ-க்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. கத்திரிக்காய், பால், பஸ் டிக்கெட், பள்ளிக் கட்டணம், செருப்பு என்று நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கடைகளிலும் சந்தைகளிலும் இவர்களின் ஆட்கள் விலை கேட்டு எழுதுகிறார்கள். அதிலிருந்து கணக்கிடப்படுவதுதான் நுகர்வோர் விலைக் குறியீடு. இந்த விலைவாசி உயர்வு 4 சதவிகிதத்தை ஒட்டி இருக்க வேண்டும், மேலும் கீழும் 2 சதவிகிதம் வரை போகலாம் என்பது ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இலக்கு.

2022-ல் விலைவாசி தொடர்ந்து மூன்று காலாண்டுகளுக்கு 6 சதவிகிதக் கோட்டுக்கு மேலேயே இருந்தது. ஏன் இலக்கைத் தவறவிட்டோம் என்று ரிசர்வ் வங்கி அரசுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் 4 சதவிகிதமாக இருந்த ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவிகிதமானது.

30 லட்ச ரூபாய் வீட்டுக் கடன், 20 வருடத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 7 சதவிகிதம் என்றால் மாதம் சுமார் 23,260 ரூபாய். 9.5 சதவிகிதமானால் சுமார் 27,960 ரூபாய். தவணைக் காலத்தை நீட்டாவிட்டால் மாதம் 4,700 ரூபாய் கூடுதல். எங்கோ ஒரு சந்தையில் ஒருவர் எழுதிய தக்காளி விலை, பல கை மாறி, உங்கள் வங்கிக் கணக்கில் வந்து நிற்கிறது. அந்த ஆள் எழுதியது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எந்தப் பொருளுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை யார் முடிவு செய்வது? வீடுகள்தான். ஒரு சராசரிக் குடும்பம் சாப்பாட்டுக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, போனுக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று ஆய்வு செய்து அதன்படி எடை கொடுக்கிறார்கள். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் நூற்றுக்கு 45.86 எடை. அது 2011-12-ல் எடுத்த செலவுக் கணக்கு. அன்றைக்கு எத்தனை வீடுகளில் மொபைல் டேட்டாவுக்குத் தனி பட்ஜெட் இருந்தது? வாழ்க்கை மாற மாற, கணக்கையும் புதுப்பிக்க வேண்டும். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வளர்ந்த பிள்ளைக்கு அளவு எடுக்க முடியாது.

ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீடு!

'எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து கேட்டதே இல்லையே! பிறகு எப்படி நாட்டு மக்கள் செலவு இவ்வளவு என்று சொல்கிறார்கள்?' என்ற கேள்வி எல்லோருக்கும் வரும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வதுதான் பதில். 2023-24 குடும்பச் செலவு ஆய்வில் கள அலுவலர்கள் போன வீடுகள் 2,61,953. 2011 கணக்கெடுப்பின்படியே நாட்டில் 24 கோடிக்கு மேல் குடும்பங்கள் இருந்தன. அப்படிப் பார்த்தால், ஏறக்குறைய ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்குதான் வரும். ஆனாலும், கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு சராசரியாக 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய் என்று அந்த ஆய்வால் சொல்ல முடிந்தது.

ஆனால், சமைப்பவர்களுக்குத் தெரியும். பானையைக் கிளறிவிட்டு எடுத்தால்தான் ஒரு சோறு பதம். மேலாக இருப்பதை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடியில் குழைந்திருப்பது தெரியாது. அதனால்தான் எந்த ஊர், எந்த வீடு என்பதை அலுவலர்கள் தங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியாது. குலுக்கல் முறையில் வரும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அது மலைக்கிராமமாக இருந்தாலும் சரி, பதினெட்டாவது மாடியாக இருந்தாலும் சரி.

மலைக்கிராமத்தில்கூடப் பெரும்பாலும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். பதினெட்டாவது மாடிதான் சிக்கல். செக்யூரிட்டி கேட்டைத் தாண்ட விடமாட்டார். தாண்டினாலும் கதவு திறக்காது. வசதியான குடும்பங்கள் பேச மறுப்பது உலகம் முழுக்கப் புள்ளியியல் அலுவலர்கள் புலம்பும் பிரச்னை. அந்த வீடுகள் விட்டுப்போனால், நாட்டில் ஏற்றத்தாழ்வு குறைவாக இருப்பதுபோல ஒரு பொய்த் தோற்றம் கணக்கில் வந்துவிடும்.

இன்னொரு சிக்கல், பானையின் அளவே சரியாகத் தெரியாதது. எந்த ஊரில் எத்தனை வீடு என்ற பட்டியலுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் ஆதாரம். 1881 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு, 2021-ல் நடக்கவில்லை. முதலில் கொரோனா காரணமாகத் தள்ளிப்போனது, பிறகு தள்ளிக்கொண்டே போனது. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வெளியானது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்கு மத்திய அரசின் அரிசி, கோதுமை என்ற கணக்கும் 2011 மக்கள்தொகையை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது எட்டாம் வகுப்பைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தெர்மாமீட்டரை உடைத்தால் காய்ச்சல் குறையுமா?

அர்ஜென்டினாவில் முயன்று பார்த்தார்கள். அங்கே விலைவாசிக் கணக்குக்குப் பொறுப்பாக இருந்தவர் கிராசியேலா பெவாக்குவா. எந்தெந்தக் கடைகளில் விலை சேகரிக்கிறீர்கள் என்று அரசுத் தரப்பு விவரம் கேட்டது. கடைகளின் அடையாளம் ரகசியம் என்பது சட்டம். அவர் தரவில்லை. 2007 ஜனவரியில் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு அதிகாரபூர்வ விலைவாசி உயர்வு 10 சதவிகிதத்தை ஒட்டியே நின்றது. தனியார் பொருளாதார வல்லுநர்களோ அது 20 சதவிகிதத்துக்கு மேல் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு அபராதம் போட்டது அரசு. கடைக்குப் போகும் மக்களுக்கு எது உண்மை என்று தெரியாதா? 'தி எகானமிஸ்ட்' பத்திரிகை 2012-ல் அர்ஜென்டினா அரசின் விலைவாசி எண்ணை வெளியிடுவதையே நிறுத்தியது. 2013-ல் சர்வதேச நிதியம் அந்த நாட்டைப் பகிரங்கமாகக் கண்டித்தது.

வறுமைக் கணக்கில் நடந்தது இன்னும் மோசம். விலையைக் குறைத்துக் காட்டினால் வறுமைக்கோடும் தானாகவே கீழே இறங்கிவிடும். 2013 முதல் பாதியில் ஏழைகள் 4.7 சதவிகிதம்தான் என்றது அரசுக் கணக்கு. பிறகு அந்தக் கணக்கை வெளியிடுவதையே விட்டுவிட்டார்கள். ஆட்சி மாறி, அலுவலகத்தைச் சீரமைத்து, 2016-ல் புதிதாக எண்ணியபோது வந்த விடை 32.2 சதவிகிதம். மூன்றில் ஒரு பங்கு மக்கள் ஏழைகளாக இருந்த நாட்டில், அவர்களின் பசி பல வருடங்கள் காகிதத்தில் ஏறவே இல்லை.

உண்மையைச் சொன்னதற்கு வழக்கு!

கிரீஸ் நாட்டின் கதை வேறு மாதிரி. அங்கே கணக்கைச் சரியாகப் போட்டவர்தான் கூண்டில் ஏறினார்.

2009-ல் கிரீஸ் அரசின் பற்றாக்குறை, நாட்டின் மொத்த உற்பத்தியில் 3.7 சதவிகிதம் என்று சொல்லப்பட்டது. அக்டோபரில் வந்த புதிய அரசு 'இல்லை, 12.5 சதவிகிதம்' என்றது. ஐரோப்பாவே ஆடிப்போனது. கிரீஸுக்குக் கடன் கொடுப்பவர்கள் பின்வாங்கினார்கள். 2010 ஆகஸ்டில் அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகத்தின் தலைவராக வந்தார் ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியூ. சர்வதேச நிதியத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். ஐரோப்பிய விதிகளின்படி எல்லாக் கடன்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். 15.4 சதவிகிதம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அமைப்பு அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. அவர் பதவியில் இருந்த ஐந்து வருடங்களும் அவருடைய கணக்குகளுக்கு எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை.

உள்ளூரில் நிலைமை தலைகீழ். பற்றாக்குறையை வேண்டுமென்றே ஊதிக் காட்டி நாட்டுக்குத் துரோகம் செய்தார் என்று அவர்மேல் வழக்கு. 2017-ல் இன்னொரு குற்றச்சாட்டில் இரண்டு வருட நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. குற்றம் என்ன தெரியுமா? பற்றாக்குறை எண்ணை வெளியிடும் முன் அலுவலக வாரியத்தின் ஓட்டெடுப்புக்கு விடவில்லையாம். பற்றாக்குறை எவ்வளவு என்பது கை தூக்கி முடிவு செய்கிற விஷயமா? அந்த வழக்கில் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2023 மார்ச்சில் சொன்னது.

நம் ஊரில் நடந்தது

வெளிநாட்டுக் கதைகளைக் கேட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2017-18-ல் புதிய முறையில் வேலைவாய்ப்பு ஆய்வு ஒன்றை நடத்தி முடித்தார்கள். அறிக்கைக்குத் தேசியப் புள்ளியியல் ஆணையம் 2018 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. ஆனால், அறிக்கை வெளியே வரவில்லை. 2019 ஜனவரி இறுதியில் ஆணையத்தின் செயல் தலைவர் பி.சி.மோகனனும், உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் பதவி விலகினார்கள். சில நாள்களில் அந்த அறிக்கை ஒரு நாளிதழில் கசிந்தது. வேலையின்மை 6.1 சதவிகிதம் என்றது.

அது இறுதி அறிக்கை அல்ல என்றது அரசுத் தரப்பு. நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து, புதிய அரசு பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று அறிக்கை வெளியானது. அதிலும் அதே 6.1 சதவிகிதம்தான். ஆய்வு முறை மாறியிருப்பதால் பழைய எண்களோடு ஒப்பிடக் கூடாது என்று அரசு சொன்ன வாதத்தில் நியாயம் இருக்கலாம். அப்படியானால் அதை அறிக்கையோடு சேர்த்தே சொல்லியிருக்கலாம் என்பதுதான் வல்லுநர்களின் கேள்வி. அதே ஆண்டு நவம்பரில், 2017-18-க்கான குடும்பச் செலவு ஆய்வைத் தரக் குறைபாடு காரணமாக வெளியிடப்போவதில்லை என்று அரசு அறிவித்தது. அடுத்த செலவு ஆய்வின் முடிவு வந்தது 2024 பிப்ரவரியில். நடுவில் வறுமை குறைந்ததா, கூடியதா என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லிச் சண்டை போட்டார்கள். தீர்த்து வைக்க வேண்டிய எண் கையில் இல்லை.

இதனால்தான், எந்த எண்ணை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வெளியிடுவோம் என்று முன்கூட்டியே அட்டவணை போடுவது புள்ளியியல் அலுவலகங்களின் முக்கியமான கட்டுப்பாடாக இருக்கிறது. இந்தியாவில் சில்லறை விலைவாசி எண் வழக்கமாக ஒவ்வொரு மாதமும் 12-ம் தேதி வருகிறது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, தேர்தல் இருக்கிறதோ இல்லையோ, அந்தத் தேதியில் வந்தாக வேண்டும். பிரிட்டனில் 2017 ஜூலை முதல், அவர்களின் புள்ளியியல் அலுவலகம் அமைச்சர்களுக்கு எண்களை முன்கூட்டியே காட்டும் வழக்கத்தையே நிறுத்திவிட்டது. அமைச்சருக்கும் அடுத்த தெரு டீக்கடைக்காரருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியும்.

திருத்துவது தப்பு இல்லை!

'போன மாதம் ஒன்று சொன்னார்கள், இந்த மாதம் மாற்றிச் சொல்கிறார்கள். எல்லாம் ஏமாற்று' என்று சிலர் அலுத்துக்கொள்வது உண்டு. முதல் மதிப்பீடு, கைக்கு வந்த தகவல்களை வைத்துப் போடுவது. தாமதமாக வரும் தகவல்கள் சேர்ந்ததும் எண் மாறும். மாறியதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

2025 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் வேலைவாய்ப்பு எண்கள் வந்தன. முந்தைய இரண்டு மாதங்களுக்குச் சொன்ன எண்ணிக்கையில் 2,58,000 வேலைகளைக் குறைத்துத் திருத்தியிருந்தார்கள். எண்கள் ஜோடிக்கப்பட்டவை என்று குற்றம்சாட்டிய அதிபர் டிரம்ப், அன்றைக்கே தொழிலாளர் புள்ளியியல் அமைப்பின் தலைவர் எரிக்கா மெக்கன்டார்ஃபரைப் பதவியிலிருந்து நீக்கினார். ஜோடிப்புக்கு ஆதாரம் எதையும் அவர் காட்டவில்லை. இனி வருகிறவர், எண் மோசமாக வரும் ஒவ்வொரு மாதமும் தன் நாற்காலியையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பாரா, மாட்டாரா? மக்களுக்கு வரும் சந்தேகமும் அதுதான்.

சொன்னது வெளியே போகாது என்ற உறுதி

வீட்டு வருமானம், கடன், நோய், மதம், சாதி என்று அக்கம்பக்கத்தில் சொல்லத் தயங்கும் விஷயங்களை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்கிறோம். அது வரி அலுவலகத்துக்கோ, போலீஸுக்கோ போகாது என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் எந்தெந்தப் பகுதிகளில் வசிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் விவரங்கள் உதவின. நல்லெண்ணத்தோடு கேள்விக்குப் பதில் சொன்னவர்கள், அந்தப் பதிலாலேயே மாட்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய அறுபது வருடங்கள் கழித்து, 2000-ல் அந்த அலுவலகத்தின் இயக்குநர் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

இந்தியாவில் 2008-ம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், சேகரித்த தகவலைப் புள்ளியியல் வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது. தனிநபர் யார் என்று தெரியும்படி வெளியிடக் கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 1948 இன்னும் கறார். அந்தப் பதிவேடுகளை யாரும் பார்வையிட முடியாது. நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது.

உலகம் ஒப்புக்கொண்ட பத்து விதிகள்

இப்படிப் பல நாடுகளின் அனுபவங்களைப் பார்த்துத்தான் ஐ.நா-வின் புள்ளியியல் ஆணையம் 1994-ல் பத்து அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்தது. 2014 ஜனவரியில் ஐ.நா பொதுச்சபையே அவற்றை ஏற்றுக்கொண்டது. இந்திய அமைச்சரவை 2016 மே மாதம் ஒப்புதல் கொடுத்தது. அவற்றின் சாரத்தை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான்:

* எண் எல்லாக் குடிமக்களுக்கும் பொது, பாரபட்சம் கூடாது.
* எப்படிக் கணக்கிடுவது என்பதை நிபுணர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அறிவியல் அடிப்படையில்.
* எப்படிக் கணக்கிட்டோம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.
* யாராவது எண்ணைத் திரித்துச் சொன்னால், 'அது தப்பு' என்று சொல்லும் உரிமை அலுவலகத்துக்கு உண்டு.
* தனிநபர் தகவல் ரகசியம்.

விதிகள் இருந்தால் போதுமா? அவற்றைக் காப்பாற்ற ஆள் வேண்டும். சி.ரங்கராஜன் தலைமையிலான ஆணையம் 2001-ல் கொடுத்த பரிந்துரையின்படிதான் தேசியப் புள்ளியியல் ஆணையம் 2006-ல் வந்தது. ஆனால், அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானது அல்ல. அரசின் தீர்மானத்தால் உருவானது. அதற்குச் சட்ட பலம் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

கனடாக்காரர்கள் செய்த காரியம்

கனடாவில் 2010-ல் அரசு ஒரு முடிவெடுத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விரிவான கேள்வித்தாளுக்குப் பதில் சொல்வது கட்டாயம் இல்லை, விரும்பினால் சொல்லலாம் என்றது. இரண்டும் ஒன்றுதான் என்று புள்ளியியல் தலைவரே ஏற்றுக்கொண்டதுபோல ஒரு தோற்றம் வந்ததும், தலைவர் முனீர் ஷேக் 'அப்படி இல்லை, ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது' என்று சொல்லிவிட்டுப் பதவி விலகினார். அவர் சொன்னது நடந்தது. 2006-ல் 94 சதவிகிதம் பேர் பதில் சொன்னார்கள், 2011-ல் 68.6 சதவிகிதம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறிய ஊர்களுக்கு நம்பத் தகுந்த விவரமே இல்லாமல் போனது. பள்ளிக்கூடம் எங்கே கட்டுவது, பஸ் எங்கே விடுவது என்று தெரியாமல் உள்ளாட்சிகள் விழித்தன.

2016-ல் புதிய அரசு பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. மக்கள் செய்ததுதான் ஆச்சர்யம். படிவம் நிரப்ப எல்லோரும் ஒரே நேரத்தில் குவிந்ததில் இணையதளமே சிறிது நேரம் முடங்கியது. விரிவான கேள்வித்தாளுக்குப் பதில் சொன்னவர்கள் 97.8 சதவிகிதம்!

கதவைத் தட்டினால்...

குலுக்கலில் என்றைக்காவது உங்கள் வீட்டு எண் விழலாம். டேப்லெட்டோடு ஒருவர் வந்து நிற்பார். முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். காட்ட வேண்டியது அவர் கடமை. ஓ.டி.பி, ஏ.டி.எம் பின் நம்பர் கேட்டால் அவர் புள்ளியியல் அலுவலர் அல்ல, மோசடிக்காரர், கதவைச் சாத்திவிடுங்கள். மற்றபடி உட்காரச் சொல்லி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வருமானத்தைக் குறைத்துச் சொன்னால் சலுகை கிடைக்காது. கூட்டிச் சொன்னால் வரி வராது. அப்பார்ட்மென்ட் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள், அடுத்த கூட்டத்தில் செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கேள்விகள் நீளமாகத்தான் இருக்கும். மாதத்துக்கு எத்தனை கிலோ பருப்பு, கடைசியாக எப்போது டாக்டரிடம் போனீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அலுப்பாக இருந்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது ஒரு வீட்டின் பதில் மட்டும் அல்ல. குலுக்கலில் பெயர் வராத, உங்களைப்போலவே வாழ்கிற சுமார் ஆயிரம் குடும்பங்களுக்கும் சேர்த்து நீங்கள்தான் பதில் சொல்கிறீர்கள்.

(கணக்கு தொடரும்)